பத்து சென்டிமீட்டர் தண்ணீர்

சார்,

இன்று காலை எங்கள் அடுக்ககத்தில் ஒரு சண்டை. பெங்களூர் காக்ஸ் டவுனில் நானும் என் மனைவியும் இருக்கும் இந்தக் கட்டடத்தில் இரண்டு பிளாக், தரைக்குக் கீழே ஒரே தண்ணீர்த் தொட்டி. டேங்கர் லாரி ஊற்றிவிட்டுப் போனதும் ஏ பிளாக் செயலாளர் ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். அவர் பார்த்தது போதாதென்று பி பிளாக் செயலாளர் அதே குச்சியை வாங்கித் துடைத்து, மறுபடி உள்ளே விடுவார். இன்று இருவருக்கும் நான்கு விரற்கடை வித்தியாசம். “குச்சிய சாய்ச்சு விட்டீங்க நீங்க!” என்றார் ஒருவர். “நீங்க தொடைக்கவே இல்ல, பழைய ஈரத்தக் காட்டறீங்க!” என்றார் மற்றவர். பால் பாக்கெட்டோடு நின்றிருந்த எனக்கு அந்த ஈர மூங்கில் வாசனையும் பாசி வாசனையும் மூக்கில் ஏறியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இருவரும் ஒன்றாகச் சேர்ந்து என்னை முறைத்தார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நீங்களும் என்னைக் கூப்பிட்டதில்லை. நீங்கள் எனக்கு சார், நான் உங்களுக்கு சார். அப்படியே இருக்கட்டும். சண்டையைப் பார்த்துவிட்டு மேலே வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நம் இரண்டு மாநிலங்களின் பாசனத் துறைகளிலும் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறதே, தப்பு தன் பக்கம் என்று தெரிந்த அன்றே எதிர்த்தரப்பிடம் ஓடி வந்து சொன்ன தமிழ்நாட்டு இன்ஜினியர் என்று, அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் உங்களிடம்தான் முதலில் சொல்லப்பட்டது. முந்தாநாள் அதற்கு ஒரு முடிவு வந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? காவிரி உங்கள் மாநிலத்தை விட்டு எங்கள் மாநிலத்துக்குள் நுழையும் இடத்தில், கரையில் ஊன்றிய ஒரே ஒரு அளவுப் பலகை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அந்தப் பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று தினம் காலை எட்டு மணிக்கு இரண்டு அரசுகளின் ஆட்களும் பார்த்து ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று சொல்வார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் பக்கம் சாலை மறியலா, எங்கள் பக்கம் ரயில் மறியலா என்பதும் முடிவாகும். நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து சண்டை போட்டுவரும் இரண்டு அரசுகள், ஒன்றரை அடி அகலப் பலகை ஒன்றின் முன்னால் உங்களையும் என்னையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன.

முதல் இரண்டு வாரம் நாம் பேசவே இல்லை. நீங்கள் “நமஸ்காரா” என்பீர்கள், நான் “வணக்கம்” என்பேன், அவ்வளவுதான். எனக்குக் கன்னடம் தெரியும் என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதை நீங்களும் காட்டிக்கொள்ளவில்லை. நான் காக்ஸ் டவுனில் பிறந்து, பள்ளியில் கன்னடம் படித்து, தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போனவன். ஓசூர் அலுவலகத்தில் எனக்குப் பெயர் ‘பெங்களூர்க்காரர்’. ஆற்றுப் பிரச்சினை கொதிக்கும்போதெல்லாம் பெங்களூரில் எங்கள் தெருவிலேயே நான் ‘தமிழ்நாட்டு ஆள்’. நீங்களோ மல்லேஸ்வரம், உங்கள் மாமனார் வயல் மண்டியா பக்கம் வாய்க்கால் பாசனத்தில். நீங்கள் பலகையில் படிந்த பாசியை விரலால் சுரண்டிப் பார்ப்பீர்கள். நீங்கள் சுரண்டிய இடத்தை நான் மறுபடி சுரண்டிப் பார்ப்பேன். இருவர் கையிலும் தனித்தனி பிளாஸ்க், தனித்தனி குடை.

பிறகு வந்தன குளவிகள். கரையிலிருந்த ஓட்டுக் கொட்டகையின் கதவை நீங்கள் இழுத்துத் திறந்த வேகத்தில் கூடு கலைந்துவிட்டது. இரண்டு அரசுகளும் ஒரே ஓட்டமாக ஓடி, பக்கத்தில் நின்ற எங்கள் ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்தோம். உங்கள் காது பன் போல வீங்கியிருந்தது, என் மூக்கும் அப்படித்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் மரியாதையாக இருக்க முடியும்? “சார், உங்க மூக்கு எங்க பார்டர் தாண்டி வந்துடுச்சு,” என்றீர்கள், சுத்தமான பெங்களூர்த் தமிழில். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். “அடப்பாவி! ரெண்டு வாரமா நாங்க பேசினதெல்லாம் கேட்டுட்டா இருந்தீங்க?” என்று நீங்கள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். அதுவரை பலகையைப் பார்ப்பவர் தன் மொழியில் தன் ஆட்களிடம் எண்ணைச் சொல்வார். அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அது ஏதோ சதி போலக் கேட்கும். “இனிமே மாத்திச் சொல்லலாம் சார். நான் பாத்தா தமிழ்ல சொல்றேன், நீங்க பாத்தா கன்னடத்துல சொல்லுங்க. என் நம்பர் உங்க ஆளுங்களுக்குப் புரியணும், உங்க நம்பர் எங்க ஆளுங்களுக்குப் புரியணும். புரிஞ்சா பாதிச் சண்டை போச்சு,” என்றீர்கள். எந்த உத்தரவிலும் இல்லாத வழக்கம் அது. மறுநாள் காலை நீங்கள் தண்ணீரில் இறங்கி நின்று “ஒண்ணு புள்ளி ஆறு!” என்று கூவினீர்கள். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் “ஒந்து பாயிண்ட் ஆறு!” என்றதும் உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, அது சாதாரண விஷயமாகிவிட்டது.

நம் நட்பு முற்றியதில்தான் வினையும் முற்றியது. ஒரு வருடக் கடைசியில் வெள்ளம் வந்து பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மறுபடி ஊன்றும் பொறுப்பு அந்த முறை எங்களுடையது. கரையில் உயரம் பொறித்த கல்லிலிருந்து மட்டக் கருவி வைத்துப் பார்த்து, சரியான உயரத்தில் பலகையைப் பொருத்த வேண்டும். கருவிக்குள் நான் ஒருமுறை பார்க்க வேண்டும், நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும், பிறகுதான் இருவரும் கையெழுத்து. அன்று உங்களுக்குக் காய்ச்சல். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தீர்கள். “சார், வந்து பாருங்க,” என்றேன். “நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி. கொண்டாங்க, போட்டுடறேன்,” என்று கையெழுத்துப் போட்டீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் நான் சுரண்டிய பாசியை நம்பாத மனிதர் இன்று என் கண்ணைத் தன் கண் என்கிறார்! வற்புறுத்தி உங்களை எழுப்பியிருக்க வேண்டும். உங்கள் மனம் கோணிவிடுமோ என்று விட்டுவிட்டேன். எதிரிகளாக இருந்த வரைக்கும் நாம் செய்யாத தப்பு அது, சார்.

கோடை முழுக்க ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர்தான், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பருவம் பொய்த்தது. ஜூனிலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் குறுவை காய்ந்தது, உங்கள் பக்கம் அணையில் சேறு தெரிந்தது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரு அரசுகளின் பெரிய அதிகாரிகளும் பெங்களூரில் கூடுவதாக ஏற்பாடு. நம் கையெழுத்துப் போட்ட தாள்களை அடுக்கிவைத்து, நீங்கள் இத்தனை நாளும் தண்ணீரைக் குறைத்துவிட்டீர்கள் என்று எங்கள் தரப்பு சொல்லப்போகிறது. அதற்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கான தயாரிப்புக்காக நீங்கள் பெங்களூர் போய்விட்டீர்கள். உங்கள் இடத்தில் பெரிய மீசை வைத்த ஒரு மேற்பார்வையாளர் வந்தார்.

திங்கட்கிழமை காலை பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் செருப்பு நனைந்தது. கரையில் இறங்கும் கற்படிகளில் மூன்றாவது படி. அந்த வருடம் தண்ணீர் மூன்றாவது படிக்கு ஏறியதே அந்த ஓரிரு நாளில்தான். மூன்றாவது படி நனைந்தால் பலகை ஒன்றரை மீட்டர் காட்ட வேண்டும், ஐந்து வருடமாகப் பார்த்திருக்கிறேன். அன்று காட்டியது ஒன்று புள்ளி நான்கு. மத்தியானம் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, தனியாக மட்டக் கருவியை எடுத்துவைத்து அளந்தேன். மூன்று முறை அளந்தேன். பலகையை நான் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தியிருந்தேன். அதாவது, பத்து வாரமாகத் தினமும் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் எங்களுக்கு வந்திருக்கிறது, வரவில்லை என்று எழுதியிருக்கிறோம். தண்ணீரே இல்லாத வருடத்தில் அது கொஞ்சநஞ்சமல்ல. அதன் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. உங்கள் மாநிலத்துக்கு எதிரான பொய்க்கு நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

அன்றே உங்களிடம் ஓடி வந்தேனா? இல்லை, சார். செவ்வாய்க்கிழமை முழுக்க லாப நஷ்டக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ‘பெங்களூர்க்காரன் புத்தியைக் காட்டிவிட்டான்’ என்று சொல்லப்போகிறார்கள் என்பது காதிலேயே கேட்டது. இன்னொன்றும் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பு நடந்தது நமக்குச் சாதகமாகத்தானே, இன்னும் கொஞ்சம் தண்ணீர் வந்தால் எங்கள் ஆட்கள் குறுவையைக் காப்பாற்றிக்கொள்வார்கள் என்று. செவ்வாய் சாயங்காலம் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு பலகை வரைக்கும் போனேன். நான்கு போல்ட்டைத் தளர்த்திப் பத்து சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் நாளையிலிருந்து எல்லாம் சரி. பழையதை யார் தோண்டப்போகிறார்கள்? கையைப் போல்ட் மேல் வைத்தபடி அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

புதன்கிழமை காலை அந்த மீசைக்காரர் தண்ணீரில் இறங்கினார். அவர் தும்கூர்க்காரர், தமிழ் சுட்டுப் போட்டாலும் வராது. நீங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். உதட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, “ஒண்ணு... புள்ளி... நாலு!” என்றார். சரியாகச் சொல்லிவிட்டோமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் செய்த தப்பை, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, என் மொழியில் சிரமப்பட்டுச் சொல்கிறார் அந்த மனிதர். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

வியாழக்கிழமை கிளம்பினேன். கலவரம் வரும் என்று எங்கள் பேருந்துகளை ஜூஜூவாடியிலேயே நிறுத்திவிட்டார்கள். எல்லையை நடந்து கடந்து, அத்திப்பள்ளியில் உங்கள் மாநிலப் பேருந்தைப் பிடித்து, மல்லேஸ்வரம் வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி பதினொன்று. நீங்கள் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். உட்காரக்கூட இல்லை நான்.

“சார், பலகை தப்பு. நான் வெச்சது தப்பு.”

“எவ்ளோ?”

“பத்து சென்டி.”

“மேலயா, கீழயா?”

“மேல. உங்களுக்குத்தான் நஷ்டம்.”

பேப்பரை நான்காக மடித்தீர்கள். “எப்ப பாத்தீங்க?”

“இன்னைக்குக் காலையில சார். பாத்ததும் கெளம்பிட்டேன்.”

என்னையே பார்த்தீர்கள். பிறகு, “சரி,” என்றீர்கள். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, “வாங்க, ரெண்டு பேருமே போய்ச் சொல்லிடலாம். நான் பாக்காம கையெழுத்துப் போட்டதும் தப்புதான்,” என்றீர்கள். இவ்வளவுதான் அன்று நமக்குள் நடந்த பேச்சு.

சனிக்கிழமை நடந்தது இரண்டு பக்கமும் எல்லோருக்கும் தெரியும். நாம் இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு வாசிக்கப்பட்டது. எங்கள் மேலதிகாரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு போனது. உங்களை ஆற்றிலிருந்து எடுத்துப் பெங்களூரில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள், ஓய்வு பெறும் வரை அங்கேதான். ஆனால் அந்த அறையில் இன்னொன்றும் நடந்தது. உங்கள் தரப்பின் மூத்த அதிகாரி அந்தத் தாளை வாங்கி மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “எங்க அணைல இருக்கிற அளவுப் பலகைகளையும் நீங்க வந்து ஒருமுறை பாருங்க,” என்று எங்களிடம் சொன்னார். அதுவரை எங்கள் ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடம் அது. அந்த வருடம் தண்ணீர் ஒன்றும் அதிகமாகிவிடவில்லை. சண்டையும் நிற்கவில்லை, மேடையில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எண்களைப் பற்றிய சண்டை அதோடு நின்றது. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் உங்கள் அணைக்கும், உங்கள் ஆட்கள் எங்கள் அணைக்கும் போய்வருகிறார்கள். இரண்டு அரசுகள் ஒன்றையொன்று நம்ப முடியுமா என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வரும். முடியும். பார்த்தவன் சொல்கிறேன்.

போன மாதம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். “பன்னி, பன்னி, உள்ள வாங்க,” என்று கன்னடத்தில் பாதி தமிழில் பாதியாக உங்கள் மனைவி அதே பழைய குரலில் கூப்பிட்டார். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த வியாழக்கிழமைக்கு வந்தது. நானும் வழக்கம்போல, “பாத்த அன்னைக்கே வந்துட்டேன், அதான் தப்பிச்சோம்,” என்றேன். இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. அவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கேவா? நீங்க திங்கக்கிழமையே பாத்துட்டீங்களே!”

அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆற்றை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமையே, மூன்றாவது படி நனைந்தும் பலகை குறைவாகக் காட்டியதை நீங்கள் பார்த்துவிட்டீர்களாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். திங்கள் சாயங்காலம் அந்த மீசைக்காரர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணி, தமிழ்நாட்டு சார் மத்தியானம் தனியாகக் கருவி வைத்து அளந்தார் என்று சொல்லியிருக்கிறார். “இவருக்கு ஒரே சந்தோஷம். ‘பாத்துட்டாரு, வந்துடுவாரு’ன்னாரு. செவ்வாய் பூரா கேட் சத்தம் கேட்டா எட்டிப் பாத்தாரு. வரல. புதனும் வரல. எனக்கு ஆத்திரம் தாங்கல. எங்கப்பா வயல்ல நெல்லு காயுது, நீங்க யாருக்காகக் காத்துட்டு இருக்கீங்க, நீங்களே போய்ச் சொல்லுங்கன்னு கத்தினேன். சாப்பாடுகூடப் போடல நான்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“‘நான் சொன்னா அது புகாரு. அவங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க, நம்ம ஆளுங்க விட மாட்டாங்க, இன்னும் பத்து வருஷம் சண்டை. அவரா வந்து சொல்லட்டும், அப்பத்தான் அது நிக்கும்’னாரு. வெள்ளிக்கிழமை காலையில குடுக்கறதுக்கு லெட்டர் எழுதி டிராயர்ல வெச்சிருந்தாரு. அது வரைக்கும் பாக்கலாம்னாரு. நீங்க வியாழக்கிழமை வந்துட்டீங்க. சாயங்காலம் வந்து அதக் கிழிச்சுப் போட்டாரு.”

அப்படியானால் அன்று “எப்ப பாத்தீங்க?” என்று நீங்கள் கேட்டது தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. நான் பொய் சொன்னேன் என்று தெரிந்துகொண்டேதான் சட்டையை மாட்டினீர்கள். அதற்குப் பிறகு இருபது வருடம் உங்கள் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்! எத்தனை பேர் முன்னால் அந்தக் கதையைச் சொல்லி என் தோளைத் தட்டியிருக்கிறீர்கள்! ஒருமுறையாவது கண்ணைச் சிமிட்டியிருக்கலாமே சார் நீங்கள். மல்லேஸ்வரம் மெட்ரோ நிலையத்தில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் வெட்கம். பிறகு உங்கள் மேல் கோபம். வீடு வந்து சேரும்போது அழுதுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். பலகைகளுக்குப் பதிலாகத் தானியங்கிக் கருவிகள் வரப்போகின்றன. அளவில் பிழை வந்தால் என்ன செய்வது என்று விதி எழுத இரு தரப்புப் பொறியாளர்களும் பெங்களூரில் கூடினார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வரைவில் ஒரு வரி: பிழையைக் கண்ட தரப்பு அன்றே மறு தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் மறைத்ததாகக் கொள்ளப்படும். கூட்டத்தை நடத்திய உங்கள் மாநில அம்மையார் அந்த வரியை வாசித்துவிட்டு, “இந்த விதி சாரைப் பாத்து எழுதினது,” என்று என்னைக் காட்டினார். கைதட்டினார்கள்.

அந்த விதி அன்று இருந்திருந்தால், செவ்வாய்க்கிழமை விடிந்தபோதே நான் மறைத்தவன். மறைத்தவன் என்று ஆன பிறகு எவன் வியாழக்கிழமை எல்லையை நடந்து கடப்பான்? ஸ்பானரைத்தான் எடுத்திருப்பேன். நல்லவன் என்று நான் வாங்கிய பெயரை வைத்தே, என்னைப் போன்ற சாதாரண ஆள் திரும்பி வருகிற வழியை அடைக்கப்பார்க்கிறார்கள். இந்த வயதில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பெயர்தான். எழுந்து நின்றேன்.

“மேடம், நான் அன்னைக்கே வரல. திங்கக்கிழமை மத்தியானம் பாத்தேன். வியாழக்கிழமைதான் வந்தேன். இதுவரைக்கும் சொன்னது பொய்.”

போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அரை மணி நேரத்தையும் சொன்னேன். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னேன், சார். உங்கள் பெயரை முதல் முறையாக வாய் விட்டுச் சொன்னேன். எங்கள் பக்கத்து அதிகாரி ஒருவர், “அவகாசம் குடுத்தா மறைக்க நேரம் குடுத்த மாதிரி ஆயிடாதா சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். “ரெண்டு தரப்பும் சேர்ந்து பாக்கற இடத்துல ரொம்ப நாள் மறைச்சு வைக்க முடியாதுங்க, எப்படியும் தெரிஞ்சுபோகும். தானே வந்து சொல்றதுக்கு நாள் வேணும். எனக்கு வேண்டியிருந்துச்சு,” என்றேன்.

அந்த அம்மையார் பேனாவைத் திறந்தார். “எத்தனை நாள் போடலாம் சார்? மூணா?”

“அஞ்சு போடுங்க.”

“நீங்க மூணாவது நாளே வந்துட்டீங்களே?”

“அவரு சனிக்கிழமையே பாத்துட்டு வியாழன் வரைக்கும் காத்திருந்தாரு மேடம். அது அஞ்சு நாள்.”

எழுதிக்கொண்டார். அரசுகள் ஒப்புக்கொள்ள வேண்டும், இழுபறி இருக்கும், ஆனால் அந்த வரி நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். அன்றே ஓடி வந்த இன்ஜினியரை இனி யாரும் உதாரணம் காட்ட மாட்டார்கள். பரவாயில்லை. நீங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நாட்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து எந்த அரசும் இன்னொரு அரசுக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் கீழே காபிக்குப் போனார்கள். மாடிப்படியில் ஒருவர் என் பின்னாலேயே வந்தார். ஐம்பது வயது இருக்கும், மேலே கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாதவர். எந்த அரசின் ஆள் என்று உங்களிடம்கூடச் சொல்லப்போவதில்லை. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “சார், எங்க பக்கம் ஒரு பலகைல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ரெண்டு நாளாச்சு,” என்றார்.

“அப்ப இன்னும் மூணு நாள் இருக்கு,” என்றேன். “ஆனா எதுக்கு அத்தனை நாள்? அந்தப் பக்கத்து ஆளுங்க கீழதான் இருக்காங்க. வாங்க, நான் கூட நிக்கறேன்.”